பதுளை வீதியால் நுவரெலியாவுக்கு

செங்கலடிச் சந்தியில் மேற்கே திரும்புகிற வீதியை மட்டக்களப்பில் எல்லோரும் பதுளை வீதி என்றுதான் சொல்வார்கள். அரசாங்கக் கணக்கில் அது ஏ5. பேராதனையில் தொடங்கி, நுவரெலியாவுக்கு ஏறி, பதுளைக்கு இறங்கி, ஏறத்தாழ 275 கிலோமீற்றர் ஓடி எங்கள் வாவிப் பக்கத்தில் வந்து முடிகிறது. வெள்ளைக்காரர் கட்டிய மலைநகரம் என்று பாடப்புத்தகத்தில் படித்த நுவரெலியாவும், நாங்கள் பஸ் மாறுகிற செங்கலடியும் ஒரே வீதியில் இருக்கின்றன என்பது நெடுநாளாக என் மனதைக் குடைந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் கண்டியைச் சுற்றித்தான் அங்கே போவார்கள். நான் இந்த வீதியாலேயே ஏறிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் களுதாவளை எழுவான்கரையில் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணல். ஊரில் உயரமான இடத்தைக் காட்டச் சொன்னால் தென்னை உச்சியைத்தான் காட்ட வேண்டும். அங்கிருந்து மட்டக்களப்பு நகரம் இருபத்தைந்து கிலோமீற்றர் சொச்சம். அங்கே பதுளை பஸ் பிடித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மூட்டையைக் கால்களுக்கு நடுவே வைத்து, ஈரச் சாக்கால் போர்த்தியிருந்தார். வெற்றிலை. களுதாவளை வெற்றிலையா என்று கேட்டேன்.

“வேற எங்கத்தயாம், மனே? பசறைப் பக்கம் தோட்டத்துக் கடைகளுக்குக் குடுக்கிறன். அந்தக் குளிருக்கு நம்மட வெத்திலையிர உறைப்புத்தான் வேணுமாம்.”

செங்கலடி தாண்டியதும் வயல். கொடுவாமடு, கரடியனாறு என்று பெயர்ப்பலகைகள் நகர்கின்றன. வயலுக்கும் காட்டுக்கும் நடுவே யானை வேலிக் கம்பிகள் வெயிலில் மின்னுகின்றன. பெரிய புல்லுமலை வரும்போது வீடுகள் தூரம் தூரமாகிவிடும். போர்க்காலத்தில் சனம் இடம்பெயர்ந்த பகுதி இது. கூரையில்லாத சுவர்கள் இன்னும் சில நிற்கின்றன. மகா ஓயாவில் பஸ் நின்றபோது பிளேன்டீ குடித்தேன், நாற்பது ரூபா. வெந்நீர் ஊற்றுகளுக்குப் போகும் வழியைக் காட்டும் பலகை அங்கே இருக்கிறது. பஸ்ஸுக்குள் பேச்சு அநேகமாகச் சிங்களத்துக்கு மாறியிருந்தது. வெற்றிலைக்காரரும் மாறிவிட்டார், சரளமாக.

பிபிலையை நெருங்கும்போது வெளியே கூர்ந்து பார்த்தேன். இது வெல்லஸ்ஸப் பகுதி. கண்டி இராச்சியம் 1815ல் பிரித்தானியர் கைக்குப் போய் மூன்றாம் வருஷமே இங்கே கிளர்ச்சி வெடித்தது. 1818ல் அதை அடக்க வந்த படைகள் வயல்களையும் கிராமங்களையும் எரித்தன. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான கெப்பெட்டிப்பொல அந்த நவம்பரில் தலை வெட்டப்பட்டார். மலைநாட்டின் உட்பகுதிகளில் ஆங்கில அதிகாரிகள் பயமில்லாமல் வேட்டைக்குப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஜோன் டேவி என்ற இராணுவ மருத்துவர் 1819ல் நுவரெலியாச் சமவெளிக்குப் போனார். 1821ல் வெளிவந்த அவருடைய நூலால்தான் அந்த இடம் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. சுற்றுலாக் கையேடுகள் இந்த வேட்டைக் கதையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆனால் இந்த வீதியால் போகிறவன் கண்ணில் முதலில் படுவது வெல்லஸ்ஸதான். நுவரெலியாவின் கதையை இங்கிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குப் பட்டது.

லுணுகலையில் காது அடைத்தது. பசறையில் வெற்றிலை மூட்டை இறங்கியது. பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், நாலு பக்கமும் மலை சூழ்ந்து இருக்கிறது. ஆனால் வெயில் எங்கள் ஊர் வெயில்தான். புகையிரதம் இங்கே வந்து சேர்ந்தது 1924ல். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது சென் மார்க்ஸ் தேவாலயம். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுப்பப்பட்டு 1857ல் திறக்கப்பட்டது. பதுளைப் பகுதியை நிர்வகித்தவர், வீதிகள் போட்டவர். 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. 1845 யூனில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். உள்ளே சுவரில் அவர் பெயர் பொறித்த நினைவுக்கல்லைப் பார்த்தேன். அவரைப் புதைத்த இடம் இதுவல்ல, நுவரெலியா என்று கேள்விப்பட்டதும், அதையும் பார்த்துவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

பதுளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியா அறுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸில் அதற்கே மூன்று மணித்தியாலம் போய்விடும். வெலிமடையில் சரிவெல்லாம் படிப்படியாக வெட்டி உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்டிருக்கிறார்கள். வயலும் உண்டு, ஆனால் ஒரு வரம்புக்கும் அடுத்த வரம்புக்கும் ஆள் உயர வித்தியாசம். ஹக்கலைப் பாறை வந்ததும் குளிர் சட்டைக்குள் நுழைந்தது. இங்குள்ள பூங்கா 1861ல் தொடங்கியது, பூவுக்காக அல்ல, சிங்கோனாவுக்காக. காய்ச்சலுக்குக் கொயினா எடுக்கிற மரப்பட்டை அது. சீதாஎலியவில் சீதையம்மன் கோவில் வீதியோரமாகவே நிற்கிறது, பின்னால் ஓடை. பாறையிலுள்ள குழிகளை அனுமனின் பாதம் என்று காட்டுகிறார்கள்.

நுவரெலியா பஸ் நிலையத்தில் இறங்கியதும் மூக்கில் அடித்த வாசனை லீக்ஸ். பூ வாசனையை எதிர்பார்த்து வருகிறவர்கள் இதைத்தான் முதலில் மணப்பார்கள். உயரம் 1,868 மீற்றர். பகல் இரண்டு மணிக்கு வாயிலிருந்து புகை வந்தது. பேல் கடைத் தெருவுக்குப் போய், வெளிநாட்டில் யாரோ போட்டுக் கழித்த ஒரு தடித்த ஜக்கெட்டை ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கிப் போட்டுக்கொண்டுதான் நடையைத் தொடங்கினேன். கடைக்காரர் இரண்டாயிரத்தில் ஆரம்பித்தார்.

தபால் நிலையம் செங்கல் சிவப்பில், கூர்க் கூரையும் மணிக்கூட்டுக் கோபுரமுமாக நிற்கிறது. 1894ல் கட்டியது. முன்னால் நின்று படம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். உள்ளே போனேன். மரக் கவுண்டரில் கை படும் இடம் தேய்ந்து மினுங்குகிறது. ஒரு தோட்டத்து மூதாட்டி கொடுப்பனவு வாங்க நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பையன் விண்ணப்பக் கடித உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். இந்தக் கட்டடத்தை விடுதியாக மாற்றும் பேச்சு வந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டடம் பழையது என்பதற்காக மட்டுமல்ல, அது இன்னும் தபால் நிலையமாகவே வேலை செய்வதாலும் காக்கப்பட வேண்டியது என்பதை அந்த மூதாட்டியின் வரிசை சொல்லிற்று.

இந்த நகரத்தின் வேர் ஆஸ்பத்திரி. கரையோரத்திலும் கண்டியிலும் காய்ச்சலில் படையாட்கள் செத்துக்கொண்டிருந்த காலம். தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் 1820களின் கடைசியில் இங்கே இராணுவத்தினர் உடம்பு தேற ஒரு இல்லம் அமைத்தார். தனக்கும் ஒரு மாளிகை கட்டினார். அந்த பார்ன்ஸ் மாளிகைதான் 1891ல் கிராண்ட் ஹோட்டலாகியது. வாசலில் புல்தரையைக் கத்தரிக்கோலால் வெட்டினதுபோல் சமமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு தேநீர் ஆயிரம் ரூபாவைத் தாண்டும் என்றார் வாசற்காவலர். பசார் கடையில் அதே மலைத் தேயிலையில் ஒரு தேநீர் அறுபது ரூபா.

சாமுவேல் பேக்கரின் கதையும் காய்ச்சலில்தான் தொடங்குகிறது. வேட்டைக்காக வந்த பேக்கருக்குக் கீழ்நாட்டில் காய்ச்சல் பிடித்தது; இங்கே வந்து இரண்டு கிழமையில் எழுந்து நடந்தார். இப்படிப்பட்ட இடத்தில் ஏன் ஓர் ஆங்கிலக் கிராமம் இருக்கக் கூடாது என்று நினைத்து, 1848ல் குடும்பம், கொல்லன், வேலையாட்கள், மாடு, வேட்டைநாய் என்று கப்பலேற்றிக்கொண்டு வந்தார். கறுத்த மண்ணைப் பார்த்து ஏமாந்தார். உரம் போடாமல் அது விளையவில்லை. முதல் உருளைக்கிழங்கைப் புழு தின்றது. 1855ல் திரும்பிப் போனார். பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பர்ட் ஏரிக்குப் போய்ப் பெயரெடுத்தவரும் இவரே. இலங்கை வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூலில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இந்தச் சமவெளியில் பழைய மாணிக்கக் குழிகளையும் பழைய நீர்க்கால்வாயின் தடத்தையும் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆள் நடமாடாத காட்டை வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்ற கதை, அங்கே குடியேறிய வெள்ளைக்காரரின் எழுத்திலேயே நிற்கவில்லை.

ரொஜர்ஸின் கல்லறை கோல்ஃப் மைதானத்துக்குள் இருக்கிறது. வாசலில் “உள்ள போக ஏலாது, ஐயா” என்றார்கள். அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். கொஞ்ச நேரம் காத்திருந்தபின் ஒரு ஊழியரைக் கூட அனுப்பினார்கள். புல்தரையின் ஓரமாக நடந்து, மரங்களுக்குள் ஒதுங்கிய பழைய மயானத்துக்குப் போனோம். பாசி பிடித்த கற்கள். சிலவற்றில் எழுத்தே இல்லை. ரொஜர்ஸின் கல்லைக் காட்டி, “செத்த பிறகும் மின்னல் விடல்ல ஐயா, நூறு தடவை அடிச்சிருக்கு” என்றார் கூட வந்தவர். யானைகளின் சாபம் என்பது ஊர்ப்பேச்சு. குனிந்து பார்த்தேன். வெடிப்பு இருப்பது உண்மை. விரல் நுனி நுழைகிறது, ஓரத்தில் பன்னம் முளைத்திருக்கிறது. கருகின அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. இந்த மழையும் குளிரும் 180 வருஷம் அடித்தால் எந்தக் கல்லும் வெடிக்கும். சாபக் கதையைவிட அந்த எண்ணிக்கைதான் என்னை நிறுத்தியது. ஆயிரத்து நானூறு யானைகள், ஒரு மனிதன். எங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இன்று யானைக்கும் வேளாண்மைக்காரனுக்கும் நடக்கிற இழுபறியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு காலத்தில் யானை இந்த மலையெல்லாம் திரிந்தது என்பதை அந்த மயானத்தில்தான் நம்ப முடிந்தது.

மறுநாள் காலை கிரகரி வாவி. வாவி என்றால் எங்களுக்குக் கடலோடு சேர்ந்தது, உப்புக் கலந்தது. இது மனிதர் கட்டியது. மலைகளின் அடியில் கிடந்த சதுப்பை, தேசாதிபதி வில்லியம் கிரகரி காலத்தில் 1873ல் மறித்து நீர் நிரப்பினார்கள். ஆனால் படகுத்துறையில் விசாரித்த நாலு பேரில் மூன்று பேர் இயற்கை ஏரி என்றுதான் சொன்னார்கள். அப்படியென்றால் தண்ணீர் எங்கே வெளியேறுகிறது என்று கேட்டால் கையை ஏதோ ஒரு பக்கம் காட்டுகிறார்கள். நடந்தே பார்த்துவிடுவது என்று கரையோரமாகப் போனேன். குதிரைகள் நிற்கும் இடம்வரை சனம். அன்னப் படகுகள், சோளம் சுடும் புகை, ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரி ஐந்நூறு ரூபா. அதற்கப்பால் சனம் குறைந்தது. தண்ணீரின் ஓரத்தில் நுரையும் பிளாஸ்டிக் போத்தலும் ஒதுங்கிக் கிடந்தன. நகரத்துக்குள்ளால் வருகிற ஓடை கொண்டுவந்து தள்ளியவை. கடைசியில் நானுஓயாப் பக்கத்தில் அணை தெரிந்தது. தண்ணீர் இரைந்துகொண்டு கீழே விழுகிறது. கையை விட்டுப் பார்த்தேன், விறைத்துப் போயிற்று. 1913லிருந்து இந்த வாவியின் நீரைச் சுரங்கம் வழியே பிளாக்பூலில் உள்ள சிறிய மின்நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அணையைக் கண்ட பிறகுதான் இந்த இடத்தின் புவியியல் எனக்குச் சரியாகப் பிடிபட்டது. நாலு பக்கமும் மலை, வடக்கே 2,524 மீற்றரில் நாட்டின் உச்சியான பிதுருதலாகலை, நடுவில் கிண்ணம். கிண்ணத்து நீர் இந்த வாயால் வழிந்து நானுஓயாவில் சேர்கிறது. அது கொத்மலை ஓயாவுக்கு, அது மகாவலிக்கு. மகாவலி திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளை வெருகல் ஆறாகப் பிரிந்து, மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில் கடலோடு சேர்கிறது. வீதியால் வந்தது போலவே தண்ணீராலும் இந்த மலை எங்கள் பக்கத்துக்குத்தான் இறங்குகிறது.

வாவி, குதிரைப் பந்தயத் திடல், கோல்ஃப் மைதானம், 1876ல் தொடங்கிய ஹில் கிளப், விக்டோரியா மகாராணியின் பெயரில் அமைந்த பூங்கா, 1852ல் அபிஷேகமான ஹோலி டிரினிட்டி தேவாலயம். ‘குட்டி இங்கிலாந்து’ என்று சொல்லப்படுவது இவ்வளவுதான். எல்லாவற்றையும் மெதுவாகவே நடந்து சுற்றிவரலாம். அந்தச் சுற்றுக்கு வெளியே கால் வைத்தால் வேறு ஊர்.

மரக்கறிச் சந்தைப் பக்கம் போனேன். லொறிகளுக்குக் கரட்டைக் கழுவி ஏற்றுகிறார்கள். முழங்கால்வரை குளிர்ந்த நீரில் நின்று, பெரிய தொட்டியில் காலால் உருட்டிக் கழுவுகிற இளைஞனின் பாதம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. தோட்டக்காரருக்கு அன்று கிலோவுக்கு எண்பது ரூபா. பத்து யார் தள்ளி சில்லறைக் கடையில் இருநூறு. லீக்ஸ், கோவா, பீட்றூட் எல்லாம் பேக்கரின் ஆட்கள் போராடிப் பழக்கிய மண்ணின் பயிர்கள்தான். களுவாஞ்சிகுடிச் சந்தையில் நாங்கள் வாங்கும் கரட்டும் இந்தக் குளிர் நீரில் கழுவப்பட்டுத்தான் வருகிறது.

பிறகு பீதுரு தோட்டப் பக்கம் ஏறினேன். நகரத்திலிருந்து மூன்று நாலு கிலோமீற்றர். ஓட்டோக்காரர் அறுநூறு கேட்டார், போகும்போது நடந்தேன். மலை முழுவதும் ஒரே பச்சை. முதலில் இங்கே இருந்தது கோப்பி. 1869ல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் வைத்த தேயிலை மலையெங்கும் பரவியது. 1885ல் நானுஓயாவுக்குப் புகையிரதம் வந்ததும் தேயிலைப் பெட்டி இறங்கவும் துரைமார் ஏறவும் வழி பிறந்தது. ஆனால் இந்தப் பச்சையை உண்டாக்கிய கைகள் புகையிரதத்தில் வரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் வந்த இருநூறு வருஷ நினைவாக 2023ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் அதே வழியில் நடந்து காட்டினார்கள்.

லயத்தருகே கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். விரல் நுனிகள் கறுத்து, நகத்தின் ஓரம் கோடுகோடாக வெடித்திருந்தன.

“ஐயா எங்கிட்டு?”

மட்டக்களப்பு என்றேன்.

“அப்பிடியா! எங்க சின்னம்மா வீட்டு ஆளுக அங்கிட்டுத்தான், செங்கலடிப் பக்கம். எம்பத்தி மூணு கலவரத்துல பதுளை ரோட்டு வழியா போனவங்க, அங்கயே தங்கிட்டாங்க.”

சம்பளம் கேட்டேன். 2024ல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று தீர்மானமானது. “பதினெட்டு கிலோ காட்டணும்யா. காட்டாட்டி அரைப்பேரு” என்றார். அரைநாள் சம்பளம் என்று அர்த்தம். வாவிக்கரையில் நான் பார்த்த ஸ்ட்ரோபெரிப் பெட்டி மூன்று வாங்கினால் அவருடைய ஒரு நாள் போய்விடும். லயத்துக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். ஒரு அறை, முன்னால் ஒரு குசினி. தகரக் கூரையின் உள்பக்கத்தில் அடுப்புக் கரி தடித்துப் படிந்திருந்தது. சுவரில் 1948ல் பறிபோன குடியுரிமை பிறகு கிடைத்ததற்கான தாத்தாவின் பத்திரம், கண்ணாடிச் சட்டத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில். 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இலங்கை, இந்திய அரசாங்கங்கள் தீர்மானித்தன. போகாமல் நின்றவர்களின் வீடு இது. 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் இவர்கள்தான்.

நகரத்துக்குத் திரும்பி வந்து, பூங்கா வாசலிலும் வாவியிலும் வீதி முனைகளிலும் இருந்த தகவல் பலகைகளை ஒவ்வொன்றாக நின்று படித்தேன். பார்ன்ஸ், பேக்கர், கிரகரி, விக்டோரியா. நான் படித்த பலகைகளில் மலையக மக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நுவரெலியா ஆங்கிலேயர் வரைந்த நகரம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதைக் கட்டியெழுப்பி இன்றுவரை நிற்க வைத்திருப்பது தோட்டத்துச் சனமும் மரக்கறிச் செய்கைக்காரரும்தான். கண்ணால் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமில்லை.

மட்டக்களப்புப் பள்ளிக்கூடங்களிலிருந்து வருஷாவருஷம் நுவரெலியாவுக்குக் கல்விச் சுற்றுலா போகிறது. கூட்டிப்போகும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தடவையாவது பஸ்ஸைச் செங்கலடியில் மேற்கே திருப்புங்கள். பிபிலையில் நிறுத்தி 1818ஐச் சொல்லுங்கள். படகில் ஏற்றுவதற்கு முன் பிள்ளைகளை அணைவரை நடத்திக் கூட்டிப்போய், அந்த நீர் வெருகல்வரை வருவதைக் காட்டுங்கள். பூங்காவில் செலவிடும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே பாடப்புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள், பேசிப் பழகட்டும்.